நவமியன்று எடுத்த ஸ்பானர்

விசுவகர்மா பூஜையன்று கல்கத்தாவில் ஸ்பானர் பிடிக்கிற கை எதுவும் வேலை செய்யாது. வானம் முழுக்கப் பட்டம் பறக்கும். நியூ டவுன் ஓரத்தில், பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டும் நாலு சக்கர மோட்டார் வண்டிகளை வாடகைக்கு எடுத்து மண்மேட்டில் ஓட்டிப் பார்க்கும் மைதானம் ஒன்றில் அப்பா மெக்கானிக். அதன் பின்னாலேயே ஒரு தகர அறையில் எங்கள் குடித்தனம். அன்றைக்கு அப்பா மட்டும் குனிந்த தலை நிமிராமல் எஞ்சின் ஆயில் மாற்றுவார், ஏர் ஃபில்டரைத் தட்டி மண் உதிர்ப்பார், ஒவ்வொரு வண்டியின் செயினையும் துடைத்து எண்ணெய் விடுவார். கூட வேலை செய்யும் வங்காளியை நான் காக்கு, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவேன்; அவருக்கு அப்பா தாதா, அதாவது அண்ணன். அவர் எங்கள் கூரைமேல் நின்று பட்டம் விடுவார். அப்பாவை ஏமாற்றுகிறார்கள் என்று எனக்குக் கோபம்.

பின்னாலேயே துர்கா பூஜை வரும். நவமியன்று எங்களுக்கு ஆயுத பூஜை; அம்மா அப்பாவின் கருவிகளைப் பலகையில் அடுக்கிச் சந்தனம் குங்குமம் இடுவாள். விஜயதசமி காலை வரை அப்பா அவற்றைத் தொடமாட்டார். மைதானத்தில் கூட்டம் நெரிவதும் அந்த நாளில்தான்.

நான் ஐந்தாவது படித்த வருடம், நவமி மதியம், என் வகுப்புப் பையன் ஒருவன் தன் அப்பாவோடு வந்தான். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அங்கே சொல்லிக்கொள்ள எனக்கு இருந்ததெல்லாம், என் அப்பா எந்த எஞ்சினையும் கழற்றி மாட்டிவிடுவார் என்பதுதான். அவன் கேட்டது சிவப்பு வண்டி. அதன் செயின் தொய்ந்துபோய், நகர்த்தினாலே சட்டத்தில் அடித்தது.

“இதை இப்ப எடுக்கக் கூடாது தம்பி. செயின் கழண்டா சக்கரம் பூட்டிக்கும். காக்கு வந்து சரி பண்ணிடுவாரு” என்றார் அப்பா. காக்கு அந்தக் கோடியில் சேற்றில் சிக்கிய வண்டியை இழுத்துக்கொண்டிருந்தார்.

“நீயே டைட் பண்ண வேண்டியதுதானே? எதுக்கு நிக்கிற?” என்று மேனேஜர் கத்தினார். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தார்.

“மெக்கானிக்னு சொன்னே. டிக்கெட் கிழிக்கிறவர் மாதிரி நிக்கிறாரே” என்றான் நண்பன்.

அறைக்கு ஓடினேன். அம்மா துர்கா பூஜைப் பந்தலுக்குப் போயிருந்தாள். பலகையிலிருந்த ஸ்பானரைக் குங்குமத்தோடு எடுத்துவந்து எல்லோர் முன்னாலும் நீட்டினேன். அப்படி நீட்டிய என் கையை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

“இந்தாப்பா.”

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மண்டியிட்டார். பின் அச்சின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அச்சைப் பின்னுக்குத் தள்ளி, செயினை விரலால் அழுத்திப் பார்த்து முடுக்கினார். குங்குமமும் கிரீஸும் அவர் கட்டைவிரலில் ஒன்றாகக் குழைந்திருந்தன.

முழங்கால்வரை சேறோடு காக்கு ஓடிவந்தார். “என்ன தாதா இது? விசுவகர்மாவுக்கு நீ, நவமிக்கு நான். அதுதானே நம்ம பேச்சு?”

“பையன் கொண்டுவந்துட்டான்” என்றார் அப்பா.

காக்கு என்னைப் பார்த்தார். நான் நண்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு வண்டி சத்தமில்லாமல் மேடேறியது. அவன் கையசைத்தான். நானும் அசைத்தேன்.

சாயங்காலம் அம்மா பலகையில் வெறுமையாய் இருந்த இடத்தைக் காட்டி, “இது எங்கே?” என்று கேட்டாள். “அவசர வேலை வந்துடுச்சு” என்றார் அப்பா. என் பேரை அவர் எடுக்கவே இல்லை. தப்பித்தேன் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த விசுவகர்மா பூஜைக்குக் காக்கு கூரை ஏறவில்லை. அப்பாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்து, ஒரு வண்டியின் செயினைத் துடைக்க ஆரம்பித்தார்.

“நீ போப்பா, நான் பாத்துக்கிறேன்” என்று அப்பா சொல்லிப் பார்த்தார். காக்கு தலையைத் தூக்கவில்லை. மேலே வானம் கொள்ளாத பட்டங்கள்.

பாவம், இந்த வருடம் அவரிடம் பட்டம் இல்லை போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. உள்ளே ஓடிப்போய் என்னுடையதை எடுத்துவந்து அவர் முன்னால் நீட்டினேன்.