ஹெட்போனின் இடது பக்கம்

சிவகாசி ஸ்டுடியோவில் கணினியில் இசையமைக்கக் கற்று, மூன்று வாரம் போராடி முதல் இசையை முடித்திருந்தேன். கற்றுத்தரும் பெண் என்னைவிட இளையவள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“என்னக்கா, எல்லா வாத்தியத்தையும் வலது பக்கமே கொட்டி வச்சிருக்கீக? இடது பக்கம் பக்கத்து வீட்டுக்காரக வந்து வாசிப்பாகளா?”

அச்சங்குளத்து வீட்டில் இசையமைக்கும்போது ஹெட்போனை வலது காதில் மட்டும்தான் வைப்பேன். இடது காது, தொட்டிலில் தூங்கும் மகளுக்கும் ஊரோரப் பட்டாசு ஆலையில் வேலை செய்யும் கணவருக்கும். ஏதாவது சத்தம் கேட்டால் உடனே தெரிய வேண்டுமே.

“ரெண்டு காதுலயும் வச்சுக் கேளுங்கக்கா.”

வைத்தேன். இடது பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. வெளிச்சத்தம் நுழையாத அந்த அறையிலும், சிறிது நேரத்தில் என் கை தானாக இடது பக்கத்தை விலக்கிவிட்டது. உடனே இசை குறையே இல்லாததுபோல ஒலித்தது. அதுதான் எரிச்சல்.