நான்காவது மடிப்பு

என் மூத்தவளின் பள்ளிப் பாவாடையில், கீழே, கரை போட்டதுபோல மூன்று கோடுகள் இருக்கும். வருஷத்துக்கு ஒரு மடிப்பைப் பிரித்து இறக்கியதன் அடையாளம் அவை. எண்ணூரில் கொடியில் காயப்போட்ட துணியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படியும். தினமும் அலசி அலசி நீலம் வெளிறிப்போகும். மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் புத்தம் புதிதாக வெளியே வரும். ஒன்றாம் வகுப்பில் போட்ட பாவாடையை நான்காம் வகுப்பிலும் அவள் போட்டாள்.

தைத்தவர் எங்கள் டெய்லரக்கா. வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடியில் ஆறு மெஷின் வைத்து, வருஷா வருஷம் அந்தப் பள்ளிக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தார். அதில் ஒரு மெஷினில் எட்டு வருஷம் உட்கார்ந்தவள் நான். பாவாடையின் கீழே நான்கு மடிப்பு, இடுப்பில் இரண்டு விரல் துணி, சட்டையின் பக்கத் தையலிலும் அதே கணக்கு. யாராவது ஒட்ட வெட்டிவிட்டால் போதும், கத்தரியைப் பிடுங்கிக்கொள்வார். "புள்ள வளரும், துணி வளருமாடி? நாமதான் உள்ள வுட்டுக் குடுக்கணும்" என்று சத்தம் போடுவார். இதற்கெல்லாம் பெரிய பெயர் ஒன்று இருப்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அந்தப் பெயரைச் சொல்ல ஒருநாள் ஆள் வந்தார். பள்ளி இனிமேல் சுற்றுச்சூழலைக் காக்கப்போகிறதாம். அதற்கு யோசனை சொல்பவராம். பாவாடையைப் புரட்டி, டேப்பை வைத்து மடிப்பை அளந்தார். "ஒவ்வொரு பீஸிலும் இவ்வளவு துணி வேஸ்ட் பண்றீங்களே மேடம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா நிதானமாகத்தான் கேட்டார்: "இன்னா சார் வேஸ்ட்டு? அடுத்த வருசம் புள்ள வளந்தா அதத்தான பிரிச்சி வுடப் போறாங்க?" அவர் சிரித்தார். அளவை எழுதிக்கொண்டார், அக்கா சொன்னதை எழுதிக்கொள்ளவில்லை.

அடுத்த லீவில் ஆர்டர் ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விட்டது. அதோடு விட்டார்களா? பூமியின் நிறம் பச்சையாம், யூனிஃபார்மையும் பச்சையாக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு நன்றாயிருந்த நீலப் பாவாடைகள் ஒரே நாளில் கரித்துணி ஆயின. இதைச் செய்தவர்கள் பூமியைக் காப்பவர்கள். நான்கு வருஷம் உழைக்கிற பாவாடை தைத்தவர் துணியை வீணடித்தவர்! நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அக்கா ஐந்து மெஷினை விற்றுவிட்டு, மிச்சமிருந்த ஒன்றோடு ராயபுரம் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன்.

இந்த ஜூன் மாதம் சின்னவளின் பச்சைப் பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது. இறக்க வழியில்லையென்றால் பழைய நீலப் பாவாடையை வெட்டியாவது ஒட்டுப் போடலாமா என்று இரண்டையும் அக்காவிடம் கொண்டுபோனேன். பச்சையை அவர் உள்பக்கம் புரட்டினார். மடிப்பே இல்லை. நூல் பிரியாமலிருக்க ஓவர்லாக் அடித்த விளிம்பு, அவ்வளவுதான். "இதுல எத்தப் பிரிக்கச் சொல்ற?" என்றார். இடுப்பில் ஓர் இலைப் படம் போட்ட லேபிள் தொங்கியது. மொத்தப் பாவாடையிலும் உபரியாக இருந்த துணி அது ஒன்றுதான்.

பச்சையில் நீலத்தை ஒட்டினால் பள்ளியில் வெளியே நிறுத்துவார்கள் என்று சொல்லிக்கொண்டே நீலப் பாவாடையை எடுத்து மடியில் விரித்தார். மூன்று கோடுகளையும் விரலால் தடவிக்கொண்டு போனவர், அதற்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டார்.

"இன்னும் ஒரு வருசம் உள்ளயே கீதுடி" என்றார்.