மேசையில் அழுத்திய நகம்

மரத்தைக் கண்டால் நகத்தை அழுத்திப் பார்ப்பது என் பழக்கம். நகம் பதிந்தால் மென்மையான மரம்; அதில் குருவி செதுக்கலாம். எண்பத்தைந்தாம் ஆண்டில், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில், அகதி விசாரணையின்போது அதிகாரியின் மேசையையும் இந்த விரல் விட்டுவைக்கவில்லை.

அதிகாரி பேச்சை நிறுத்தினார்.

"ஏன் மேசையைச் சுரண்டுறீர் எண்டு கேக்கிறார்," என்றார் மொழிபெயர்த்த அண்ணை.

பொய் சொல்ல வரவில்லை. "குருவி செதுக்க ஏலுமோ எண்டு பாத்தனான், அண்ணை."

"குருவிக்கு முதல் நீர் ஊருக்குப் பறக்கப்போறீர்," என்று முணுமுணுத்துவிட்டு மொழிபெயர்த்தார்.

அதிகாரி ஏதோ எழுதி நீட்டினார். திருப்பி அனுப்பும் உத்தரவுதான் என்று நினைத்து அண்ணையிடம் கொடுத்தேன். அண்ணை வாசித்தார்: "இது கடும் மரமாம். குருவிக்கு மென்மையான லிண்டன் மரம் எடுக்கட்டாம்."

முடிவு வரும்வரை பயந்தபடியே இருந்தேன். திருப்பி அனுப்பப்போகிறவனுக்கு யார் மரம் சொல்லித்தருவார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, லிண்டனில் குருவிகளைச் செதுக்கிக்கொண்டிருந்தேன்.