வெயிலைத் தேடி வந்தவர்

பிள்ளைகளா, சித்திரை வெயிலில் விளையாடப் போனால் உங்களைத் திட்டுகிறேன் அல்லவா? அந்த வெயிலைத் தேடியே வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்கு அப்போது மதியம்தான் கரண்ட் வரும். மோட்டார் அறை நிழலில் உட்கார்ந்திருப்பேன். அவர் சைக்கிளில் வருவார். என்னிடம் கேட்டுக்கொண்டு நம் கிணற்றில் சுற்றிச் சுற்றி நீந்துவார். ஏறியதும் வாய்க்கால் கரையில் ஓடுவார். என் வயதுதான், முன்வழுக்கை, தோல் உரிந்த மூக்கு. எதைக் கேட்டாலும் கைக்கடிகாரத்தை அமுக்கி நிறுத்திவிட்டுத்தான் பதில் சொல்வார். பேச்சு நேரம் ஓட்டத்தில் சேரக் கூடாதாம்.

"யாரும் வெரட்டுறாகளா சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

கடிகாரத்தை நிறுத்தினார். "நீந்தி, சைக்கிள் மிதிச்சு, ஓடி முடிக்கிற போட்டிண்ணே. போன வருசம் முடிக்கிற கோட்டுக்கிட்ட வந்து வெயில் தாங்காம விழுந்துட்டேன்."

"வெள்ளனவே வந்து ஓடலாம்ல?"

"போட்டி இந்த வெயில்லதான முடியுது. இந்தத் தடவை கோட்டத் தாண்டிரணும்ணே. நீங்க எப்படித் தாங்குறீக?"

"எங்கிட்டுத் தாங்குறோம்? நெழல்ல உக்காந்திருக்கோம்."

அவர் சிரிக்கவில்லை. அதையும் ஒரு பயிற்சி என்று நினைத்தாரோ என்னவோ, என் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு ஓடினார்.

போட்டிக்குப் போனவர் திரும்ப வரவில்லை. கோட்டைத் தாண்டினாரா, தெரியாது.

பிறகொரு மதியம், சுற்றிலும் ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு, மோட்டார் அறையிலிருந்து வாய்க்கால் கரையின் கடைசித் தென்னைவரை ஓடினேன். மரத்தைத் தொட்டதும், மூச்சு வாங்க, என் வெறும் மணிக்கட்டை ஒருமுறை அமுக்கினேன்.