சுடலைமுத்து அண்ணாச்சியின் இடது கை

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒருவருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். மேசை மேலிருந்த கைபேசி விடாமல் அதிர்ந்தது. நான் பல் டாக்டர். மயிலாப்பூரில் குளத்துக்கு அடுத்த தெருவில் என் கிளினிக். வேலை நடுவில் யார் கூப்பிட்டாலும் எடுக்கமாட்டேன் என்பது என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அந்த விடாப்பிடி என்னைப் பயமுறுத்தியது. பல்லைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, பஞ்சைக் கடிக்கச் சொல்லிவிட்டு எடுத்தேன். என்னோடு பியானோ வாசிக்கும் எட்வின் பேசினான்.

"அண்ணாச்சி பூட்டாரு மேடம். கடை தொறக்கற நேரத்துல மாரு வலிக்குதுன்னு குந்திகினாராம். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு."

பல் போனது நாற்காலியில் இருந்தவருக்கு. அழுதது நான். பாவம், அந்த மனிதர் வாயில் பஞ்சோடு எழுந்து எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் சுடலைமுத்து அண்ணாச்சியிடம் தி.நகரில் புடவை வாங்கியவர்கள். மீதிப் பேர், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அடையாற்றில் ஓர் இசைப் பள்ளியின் கூடத்தில் கூடிப் பியானோவை இம்சை செய்யும் எங்கள் பன்னிரண்டு பேர் கோஷ்டியையும் அதன் சுற்றத்தாரையும் சேர்ந்தவர்கள். புடவை வாங்கியவர்களுக்குப் பியானோக்காரரைத் தெரியாது. அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

அவர் பியானோவுக்கு வந்த கதையே வேடிக்கையானது. மகளை அடையாற்றில் வகுப்பில் விட்டுவிட்டுத் தி.நகர் போய்த் திரும்பினால் வகுப்பே முடிந்துவிடும். ஆகவே அறையின் பின்பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார். அப்படி ஆறு வருஷம் உட்கார்ந்தார். ப்ளஸ் டூ வந்ததும் மகள் பியானோவை மூடினாள், அப்பா திறந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயது. மகளுடைய பழைய புத்தகங்களும் கைபேசி வீடியோக்களும்தான் குரு. தினமும் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் வாசித்தார். எங்களோடு சேர வந்த அன்று, பியானோ பரீட்சையில் எந்த கிரேடு வரை முடித்திருக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். எட்டு கிரேடும் முடித்த மண்டைக்கனம் எனக்கு. "நான் பின்பெஞ்சு, டாக்டரம்மா" என்றார். சிரிக்காமல் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

அவர் வாசிப்பில் ஒரு குறை எனக்கு முதல் வாரமே தென்பட்டது. இடது கை ஓங்கி ஒலித்தது. பாட்டு வலது கையில் போய்க்கொண்டிருக்க, கீழே இடது கை அதை விழுங்கிக்கொண்டிருந்தது. வாராவாரம் சொல்வேன்: "அந்தக் கையை அடக்குங்க அண்ணாச்சி." அவரும் வாராவாரம் மன்னிப்புக் கேட்டு அடக்குவார். அப்போது எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

போன வருஷம் தை மாதத்தில் எனக்கு ஒரு வீம்பு பிறந்தது. எட்யூட் என்று ஒரு வகை உண்டு. பெயருக்கு விரல் பயிற்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் எழுதப்பட்டவற்றை வாசித்துப் பார்த்தால் அது பயிற்சியில்லை, தண்டனை என்று தெரியும். மேடைக்கலைஞர்களே யோசித்துத் தொடும் சமாச்சாரம். அப்படிப் பன்னிரண்டு கொண்ட ஒரு தொகுப்பை, ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, மார்கழிக்குள் ஒரே மாலையில் வரிசையாக வாசித்துவிடுவது என்றேன். எல்லோரும் வேலை வெட்டி உள்ளவர்கள். எட்வின் லிஃப்ட் மெக்கானிக். சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவன். "லிஃப்டு மேல போய்க்கினே இருந்தா கூரைய இடிக்கும் மேடம்" என்றான். ஆனாலும் ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. காலி டிபன் பாக்ஸில் சீட்டு குலுக்கிப் போட்டோம். ஒரே நிபந்தனை, யாராவது ஒருவர் விலகினாலும் கச்சேரி கிடையாது. எனக்கு இரண்டாவது எட்யூட் வந்தது. அண்ணாச்சிக்குப் பன்னிரண்டாவது.

பன்னிரண்டாவதில் வலது கை ஆங்காங்கே கூவும். இடது கைதான் மூச்சு விடாமல் ஓடவேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை அந்தக் கைக்கு ஓய்வே கிடையாது. கிரேடு முடித்தவர்களுக்கே கை வீங்கிப்போகும். பின்பெஞ்சுக்காரரால் நம் கச்சேரி கவிழப்போகிறது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அடுத்த வாரமே அவர் கடைக்குப் போனேன். அக்கா மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுப்பது சாக்கு. மூன்றாவது எட்யூட் மெதுவாகப் போவது, அதை வைத்திருப்பவர் மாற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார் என்று பக்குவமாக ஆரம்பித்தேன். அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்திருந்த தன் அண்ணனை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு என்னை மாடிக்கு, பட்டுப் பிரிவுக்குக் கூட்டிப்போனார். அங்கேதான் சொன்னார், தான் பிறவியிலேயே இடதுகைக்காரர் என்று. ஊரில் சிலேட்டு பிடித்த வயதில் அந்தக் கையை அரைஞாண் கயிற்றோடு சேர்த்துக் கட்டிப்போட்டார்களாம். அப்படியும் போகவில்லை. கடைக்கு வந்த புதிதில் ஒரு கல்யாண வீட்டாருக்கு முகூர்த்தப் புடவையை மறந்துபோய் இடது கையால் நீட்டிவிட்டார். மணப்பெண்ணின் அம்மா அபசகுனம் என்று எழுந்து போய்விட்டாள். கடை முழுக்க ஆள் நிற்க, இனிமேல் அந்தக் கை யார் கண்ணிலும் படக்கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து முப்பத்தைந்து வருஷமாக வாடிக்கையாளர் முன்னால் அந்தக் கை அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

"சீட்டு தானா வந்து விழுந்திருக்கு, மாத்தச் சொல்லாதீய" என்றார். "எங்க அண்ணன் முன்னால உக்காந்து இந்தக் கையால ஒரே ஒரு தடவ வாசிக்கணும் டாக்டரம்மா. நடுவுல நிக்காம, முழுசா. அது போதும்."

வாராவாரம் அந்தக் கையை அடக்கச் சொன்னவள் நான்தானே. புடவையை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

ஐப்பசி வாக்கில் எல்லோருக்கும் விரல்கள் ஒருமாதிரி ஓட ஆரம்பித்தன. ஆனால் ஒருவராலும் முழுதாக வாசிக்க முடியவில்லை. தனியாக வாசித்துப் பழகியவர்களின் வியாதி அது. ஒரு கட்டை தவறினால் போதும், கை தானாக நின்று, பின்னால் போய், அந்த வரியைச் சரியாக வாசித்துவிட்டுத்தான் மேலே நகரும். வீட்டில் அது நல்ல பிள்ளைத்தனம். மேடையில் அது மானக்கேடு. இதற்கு வைத்தியம் கண்டுபிடித்தது அண்ணாச்சி. மடித்த புடவைக்குள் வைப்பார்களே, அந்த அட்டை ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுவந்தார். வாசிப்பவர் பக்கத்தில் நின்றுகொண்டு, வாசித்து முடித்த வரியை உடனுக்குடன் அட்டையால் மறைத்துக்கொண்டே வந்தார். திரும்பிப் போகலாம் என்றால் அங்கே வரியே இருக்காது. "வெட்டுன துணிய ஒட்ட முடியுமா? அடுத்த மீட்டருக்கு வாங்க" என்பார். ஒவ்வொருவருக்கும் அவரே நின்றார். கடையில் நாள் முழுக்க நின்ற கால் என்று ஒருவரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

என் முறை வந்தது. இரண்டாவது எட்யூட்டில் வலது கையின் கடைசி மூன்று விரல்கள்தான் ஓடவேண்டும். கையிலேயே சோப்ளாங்கி விரல்கள் அவை. மூன்று தடவை தவறினேன், மூன்று தடவையும் அட்டை குறுக்கே வந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அட்டையை எடுங்கோ, இல்லேன்னா நான் ஆத்துக்குப் போறேன்" என்று கத்தினேன். அவர் எடுக்கவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்விட்டேன். அங்கே போய்த்தான் மூக்குக் கண்ணாடியைப் பியானோ மேலேயே வைத்துவிட்டது தெரிந்தது. கண்ணாடியில்லாமல் பஸ் நம்பரும் தெரியாது. திரும்பி வந்தேன். கூடத்தில் எல்லோரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி அதே இடத்தில், அதே அட்டையோடு நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ட இடத்தில் தவறி, முதல் தடவையாக எட்யூட்டை முடித்தேன். "முடிஞ்சிட்டுல்லா?" என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

மார்கழியில் மயிலாப்பூர்க்காரர்களிடம் போய்ப் பியானோ கச்சேரி என்றால், கேன்டீன் உண்டா என்றுதான் கேட்டார்கள். எங்கள் அடையாற்றுக் கூடத்தில் கேன்டீன் இல்லை, ஆகவே கூட்டமும் இல்லை. எள் போட்டால் தாராளமாகத் தரையில் விழும். வந்தவர்களில் பாதி, யூனிஃபார்ம் புடவையோடு வந்த அண்ணாச்சி கடைப் பெண்கள். பொங்கல் வியாபாரம் சூடுபிடித்த ஞாயிற்றுக்கிழமை அது. அண்ணன் வருவாரா என்று அண்ணாச்சி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது எட்யூட் நடக்கும்போது பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக முதல் வரிசையில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

நாங்கள் பதினோரு பேரும் ஒவ்வொருவராக ஏறி இறங்கினோம். வாசிப்பில் தவறி விழாதவர் ஒருவருமில்லை, நின்றவரும் ஒருவருமில்லை. எட்வின் நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூட நிற்காமல் வாசித்தான். பிறகு அண்ணாச்சி ஏறினார். முதல் அடி வலது கையில் விழுந்ததும் இடது கை மேலேயிருந்து கீழே பாய்ந்தது. அந்தக் கையை நான் ஏழெட்டு வருஷமாகப் பார்த்துவந்தவள். அது அப்படி ஓடி அன்றுதான் பார்த்தேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். பாதிக்கு மேல் ஓரிடத்தில் இடது கை தடம் தவறியது. வலது கை மட்டும் தனியாக ஒலித்தது. ஒன்று, இரண்டு என்று எனக்குள் எண்ணினேன். அட்டை பிடிக்கப் பக்கத்தில் யாருமில்லை. பின்னால் போய்விடுவாரோ என்று பதினோரு பேரும் பயந்தோம். அவர் போகவில்லை. போன வரியைப் போனதாக விட்டுவிட்டு, அடுத்த வரியின் தலையில் போய்ப் பிடித்தார். அங்கிருந்து கடைசி வரை அந்தக் கை அடங்கவேயில்லை. முடித்தபோது கடைப் பெண்கள் அடித்த விசிலை மயிலாப்பூர் சபா எதுவும் அதன் ஆயுளில் கேட்டிருக்காது.

பெரியவர் எழுந்து மேடைக்கு அருகே போனார். தம்பியின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோர் காதிலும் விழும்படி, "அப்பா சொன்னாருன்னு இந்தக் கையக் கட்டிப்போட்டது நான்தாம்ல" என்றார்.

அண்ணாச்சி சொன்னார்: "கட்டிப்போட்ட கன்னுக்குட்டிதான்ணே அவுத்துவிட்டா இப்படி ஓடும்."

பொங்கலுக்கு நான் கடைக்குப் போனபோது, ரவிக்கைத் துணியை மடித்து வேண்டுமென்றே இடது கையால் எனக்கு நீட்டினார். கல்லாவிலிருந்த பெரியவர் மின்விசிறி சுற்றுகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு போன இடத்திலெல்லாம் எனக்கு நல்லதே நடந்தது.

அண்ணாச்சி காலமான மறுநாளே, பதினாறாம் நாள் காரியம் முடிந்து வரும் இந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் நினைவாக மறுபடியும் எட்யூட்களை வாசிப்பது என்று முடிவானது. பதினொன்றோடு நிறுத்திக்கொண்டு, பன்னிரண்டாவதற்குப் பியானோவை மூடி வைத்து மௌனமாக இருக்கலாம் என்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கையை மறுபடியும் கட்டிப்போடுவதா? பன்னிரண்டாவதையும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் மனைவி அவருடைய எட்யூட் புத்தகத்தைத் தந்தார். பன்னிரண்டாவதில், கச்சேரியன்று கை தவறிய அந்த வரிக்கு மேல், பென்சிலால் சின்னதாக எழுதியிருக்கிறார்: "இங்க விழுந்தேன். நிக்கல."

அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பென்சில் வரி. என் இடது கை சுத்தச் சோம்பேறி. பல் பிடுங்கும்போது கன்னத்தை விலக்கிப் பிடிப்பதைத் தவிர அது வேறு வேலை பார்த்ததில்லை. நேற்று முதல் தடவையாகப் பன்னிரண்டாவதை முழுதாக வாசித்தேன். அந்த வரிக்கு வருவதற்குள்ளேயே நான்கு இடத்தில் விழுந்துவிட்டேன் அண்ணாச்சி. ஓரிடத்திலும் நிற்கவில்லை.