அத்தை வீட்டில் எடுத்த படம்

அந்தப் படத்தை டி.வி.யில் போட்டால் நான் உடனே சேனலை மாற்றிவிடுவேன். விதவைகளுக்கு நடக்கும் கொடுமையைச் சொன்ன படம், பார்த்தவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்கள் என்று இன்றும் பெருமையாகப் பேசுகிறார்கள். பேசட்டும். அதை எடுத்தது ஸ்ரீராம்புரத்தில், என் அத்தை வீட்டில். அங்கே நடந்ததை எந்தத் தியேட்டரிலும் காட்டவில்லை.

அத்தை, அப்பாவின் அக்கா. மாமா மாநகராட்சியில் வேலையிலிருக்கும்போதே இறந்துபோனதால் அந்த வேலை அத்தைக்குக் கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் அந்த ஓட்டு வீட்டை மழைக்கு ஒழுகாமல் வைத்திருந்தாள். நாங்கள் பக்கத்துச் சந்தில் இருந்தோம். எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் அத்தை சமையல்கட்டை விட்டு வெளியே வரமாட்டாள். அவளுக்கு அந்த இடம்தான் பிடிக்கும்போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் டைரக்டர் வந்து, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கதை முழுவதையும் அத்தையிடம் சொன்னார். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தையும் அழுதாள். "நல்லா எடுங்க சார், எல்லாரும் பாக்கட்டும்" என்று வீட்டைக் கொடுத்துவிட்டாள். நாலு நாள் லீவு போட்டாள். பூஜை அன்றைக்குக் கட்டிக்கொள்ள ஒரு பச்சைப் புடவையை இஸ்திரி போட்டு வைத்தாள்.

முதல் நாள் காலையில் கூடத்தில் சாமி படம், குத்துவிளக்கு, பூசணிக்காய் எல்லாம் தயார். அத்தை தீப்பெட்டியோடு விளக்கிடம் போனாள். தினமும் அவள் ஏற்றுகிற விளக்குதான். படக் கம்பெனி மேனேஜர் பதறிப்போய்க் குறுக்கே வந்தார். "அம்மா, சொல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க. சுமங்கலி யாராச்சும் ஏத்தட்டும், ப்ரொட்யூசர் பாக்கறாரு" என்று கன்னடம் கலந்து சொன்னார். பஸ்ஸில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்கிற அதே குரல். அப்பாவாவது ஏதாவது சொன்னாரா என்றால், "பத்து நிமிஷம்க்கா, உள்ள இரு" என்று, அவளுடைய வீட்டிலேயே அவளைச் சமையலறைக்கு அனுப்பினார். விளக்கை என் அம்மா ஏற்றினாள். டைரக்டர் கையிலிருந்த பேப்பரை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார். அதில் எழுதியிருந்ததும் விதவையின் கதைதானே என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அன்றைக்கு அப்படியெல்லாம் எரியவில்லை. எனக்கு எட்டு வயது. பூசணிக்காயை எப்போது உடைப்பார்கள் என்பதிலேயே குறியாக இருந்தேன்.

மூன்றாம் நாள், கதாநாயகியின் தாலியைக் கழற்றுகிற காட்சி. வளையலை உடைத்தார்கள், பொட்டை அழித்தார்கள். அத்தை சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். 'கட்' என்றதும் வேறொரு வேலை மளமளவென்று நடந்தது. மேக்கப் போடுகிற அக்கா ஓடிவந்து நடிகைக்குக் குங்குமம் வைத்து, பூச்சூடி, கை நிறையப் புது வளையல் மாட்டினாள். கேமராவை மறுபடி ஓடவிட்டுச் சிரிக்கச் சொன்னார்கள். நடிகை பல் தெரியச் சிரித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். "அபசகுனம் ஒட்டிக்கக் கூடாதுல்ல பாப்பா. கேமரா முன்னாடி சிரிச்சுட்டா எல்லாம் சரியாயிடும்" என்றாள் மேக்கப் அக்கா.

இவ்வளவு சுலபமா! இத்தனை வருஷமாக அத்தைக்கு யாருமே இதைச் சொல்லவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மேக்கப் பெட்டியிலிருந்த குங்குமத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். "குனி அத்தை" என்றேன். அவள் குனிந்ததும் நெற்றியில் அப்பிவிட்டேன். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்பா தோள் துண்டோடு அத்தையின் நெற்றியைத் துடைக்க வந்தார். அத்தை அவர் கையைத் தட்டிவிட்டு, நேரே போய், நடிகை நின்ற அதே இடத்தில் நின்றாள்.

"ஓட்டுங்க சார். நானும் சிரிக்கணும்."

கேமராமேன் டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் மேனேஜரைப் பார்த்தார். கடைசியில் கேமராமேன் லென்ஸை மூடிவிட்டு, "கேமராவுல ஏதோ பிராப்ளம்மா" என்றார். விதவைகளுக்காக ஊரையே அழவைக்கக் கிளம்பியவர்கள், ஒரு விதவையின் நெற்றிக் குங்குமத்துக்கு அப்படிப் பயந்தார்கள். இத்தனை பேரில் ஒருவருக்காவது வெட்கமில்லையே! என் அப்பா அம்மாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அத்தை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு குங்குமத்தைத் துடைக்காமலே சமையலறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் அதே கேமராவில் நடிகையை மறுபடி படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரிப்பேர் பண்ணிவிட்டார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். சமையலறைக்கு ஓடி அத்தையின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"கேமரா சரியாயிடுச்சு அத்தை. எழுந்து வா, இப்ப சிரிக்கலாம்."