சந்திரமதி தள்ளிவைத்த விளக்கு

மலேசியாவின் தொழில்நகரமான பாசிர் கூடாங்கில் சந்திரமதியின் சலவைக் கடையைத் தெரியாத தொழிற்சாலை ஆட்கள் குறைவு. கணவன் பிரிந்துபோன பிறகு இரண்டே இயந்திரங்களோடு தொடங்கியவள். எண்ணெய்க் கறை ஏறிய சீருடையை வாங்கினால் அடுத்த ஷிப்டுக்குள் துவைத்துத் தேய்த்துக் கொடுத்துவிடுவாள். பதினைந்து வருடத்தில் கடை மூன்றானது. கடைக்காரர் சங்கத்துக்கும் தலைவியானாள்.

நகர மன்ற உறுப்பினராக நியமனக் கடிதம் வந்த வாரம், பழக்கூடைகள் வந்து குவிந்தன. தொழிற்சாலைக் காவலாளி அய்யாவு வெறுங்கையோடு வந்தார்.

"அக்கா, நம்ம தொழிற்சாலை முச்சந்தியில ஒரு சிக்னல் லைட் போடச் சொல்லுங்க. லாரிக்காரன் எவனும் நிக்கிறதில்ல லா. மோட்டார் சைக்கிள்ல போற நாங்க உயிரக் கையில புடிச்சிக்கிட்டுதான் போறோம்."

"போட்டுருவோம் அய்யாவு." மனதாரத்தான் சொன்னாள்.

ஆனால் மன்றத்தின் நிதியில் அந்த ஆண்டு இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றார்கள்: ஒன்று சந்திக்குச் சமிக்ஞை விளக்கு, இல்லையென்றால் கடைவரிசைக்குக் கார் நிறுத்துமிடம். சங்கத்து இரும்புக்கடை கமலநாதன் அவளை விடவில்லை. "நம்ம ஆளு உள்ள இருந்தும் இதுகூட நடக்கலன்னா எப்படிங்க?" மன்றக் கூட்டத்தில் சந்திரமதி எழுந்து, விளக்கை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். யாரும் மறுக்கவில்லை. கார் நிறுத்துமிடம் வந்தது. அவள் கடையிலும் கூட்டம் கூடியது.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை, வேலை முடிந்து வந்த அய்யாவு அதே சந்தியில் திரும்பிய லாரியில் அடிபட்டு அங்கேயே இறந்துபோனார்.

துக்க வீட்டுக்குப் போன சந்திரமதியை முன்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். அவள் நேராக அய்யாவுவின் மனைவி பிரேமலாவிடம் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"லைட்ட தள்ளிப்போடச் சொன்னது நான்தாம்மா. வேற யாரும் இல்ல."

பிரேமலா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அழவுமில்லை, ஏசவுமில்லை. "அவரு சட்டை நாலு உங்க கடையில கெடக்கு. குடுத்து அனுப்பிடுங்க."

சந்திரமதி அந்த நாலு சட்டைகளையும் தன் கையாலேயே தேய்த்து எடுத்துப்போனாள். பிரேமலா வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் சந்திரமதி மறுபடி எழுந்தாள். "போன தடவ நான் பேசினது தப்பு. என் கடைக்காகவும் சேர்த்துதான் பேசினேன். இத குறிப்புல எழுதுங்க" என்றாள். மன்றத் தலைவர் தயங்கினார். அது குறிப்பில் ஏறிய பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். சங்கத் தலைமையையும் விட்டுவிட்டாள். கமலநாதன் அதன்பின் அவளோடு பேசுவதில்லை.

எட்டு மாதத்தில் விளக்கு வந்தது. அதைத் தொடங்கிவைக்க அழைத்தார்கள், அவள் போகவில்லை. மறுநாள் காலை தனியாகப் போய் எதிர்ப்புறம் நின்றாள். சிவப்பு விழுந்ததும் லாரிகள் நின்றன. அவற்றின் பின்னால் ஒரு தொழிற்சாலைப் பேருந்தும் வந்து நின்றது. அய்யாவு இறந்த பிறகு வேலைக்குச் சேர்ந்திருந்த பிரேமலா அதன் சன்னலோரம் இருந்தாள்.

இருவரும் பார்த்துக்கொண்டார்கள். பிரேமலா சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. பச்சை விழுந்து பேருந்து போகும்வரை சந்திரமதி அங்கேயே நின்றாள்.